முன்னறையில் ஒரு ம்ம்ம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். மின்சாரம் என்றால் எனக்கு அத்துப்படி என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அதனால்தான் இந்த விஷயத்தை இத்தனை நாள் வெளியே விடாமல் அமுக்கி வைத்திருந்தேன். என் மனைவி அமுக்கி வைக்கவில்லை, அது வேறு.

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்குத் தெருவைப் பார்த்தபடி ஒரு முன்னறை உண்டு. அதற்குத் தனிக் கதவும் உண்டு. என் மனைவி ஜாக்கெட் தைப்பவள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில் மெஷினைப் போட்டு இருபது வருஷம் தைத்தாள். யார் குறுக்கே போனாலும் எழுந்து நாற்காலியை நகர்த்த வேண்டும். அளவு கொடுக்க வரும் பெண்கள், கூடத்தில் நான் பனியனோடு பேப்பர் படிப்பதைப் பார்த்துவிட்டு, "அப்புறமா வரேங்க்கா" என்று வாசலோடு திரும்பிவிடுவார்கள். அந்த முன்னறையைத் தனக்குக் கொடுத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அவள் நான் ஓய்வு பெற்ற வாரமே கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் "பாக்கலாம்" என்றேன்.

பார்த்தேன். அடுத்த மாதமே குடவாசலிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து அந்த அறை மேஜையில் வைத்துவிட்டேன்.

குடவாசலில் மைக் செட் வாடகைக்கு விடும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். சவுதியில் பன்னிரண்டு வருஷம் ஏசி ரிப்பேர் பார்த்துவிட்டுத் திரும்பி, அத்தாவின் கடையை எடுத்து நடத்துகிறவர். அவருடைய அத்தா காலத்தில் கல்யாண வீடுகளில் அலறிய பெட்டி அது. உள்ளே ஐந்து வால்வுகள். வால்வு என்றால் கண்ணாடிக் குழல்தான். சூடேறினால் உள்ளே கங்கு மாதிரி மினுக்கும். இந்தக் காலத்துப் பெட்டிகள் உள்ளங்கையில் அடங்கும், இதைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் அதில் ஒரு பழைய ரெக்கார்டைப் போட்டால்... சரி, அதை எழுதிப் புரியவைக்க முடியாது. "நல்லாத்தான் இருக்கு" என்று என் மனைவியே சொன்னாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள் என்றாலும் சொன்னாள்.

புரட்டாசி முடிவில் ஆயுத பூஜை வந்தது. வீட்டில் இருக்கும் அரிவாள்மணை, சைக்கிள், தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள். என் மனைவி மெஷினின் சக்கரத்தில் குங்குமத்தால் ஒரே ஒரு பொட்டு வைத்தாள், அவ்வளவுதான். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு ஆம்ப்ளிஃபயர் பக்கம் வந்தாள். "நீ தொடாத, நானே வைக்கிறேன்" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன். சாமானின் அருமை தெரிந்தவன் கையால்தான் அது நடக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு நினைப்பு. மூன்று நாள் அதை ஓட்டாமல் ஓய்வு கொடுத்தேன். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அன்று காலை சுவிட்சைப் போட்டேன்.

"ம்ம்ம்ம்ம்..."

பாட்டு இல்லை. ரெக்கார்டே வைக்கவில்லை. பெட்டி தானாக, வாயை மூடிக்கொண்டு, ம்ம்ம் என்றது. பாட்டைப் போட்டேன். பாட்டுக்கு அடியிலும் ம்ம்ம். ரெக்கார்டு பிளேயரின் ஒயரை உருவிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் ம்ம்ம். ஓடி ஓடிச் சூடானால் கொஞ்சம் குறையும். மறுநாள் காலை மறுபடி முழுத் தொண்டையில் ஆரம்பிக்கும்.

ஒயரை உருவிய பிறகும் சத்தம் வருகிறது என்றால் கோளாறு பெட்டிக்குள்தான் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். நான் எட்டாம் வகுப்புப் பிள்ளையா? ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். என் பெட்டியில் கோளாறே வராது என்று முதலில் முடிவு கட்டினேன். பிறகு வீட்டைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

"அந்த ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணு!" என்று கத்தினேன்.

ஆஃப் பண்ணினாள். ம்ம்ம்.

"மிக்சி ஓடுதா?"

"நான் கையில கரண்டி வச்சிருக்கேங்க. மிக்சி ஓடல."

"பிளக்கையும் புடுங்கு!"

டிவி, கிரைண்டர், ஃபேன், டியூப்லைட் என்று ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னேன். ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பது போதாது, ஆராய்ச்சி என்றால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று தினமும் காலையில் இந்தக் கூத்தை நடத்தினேன். என் மனைவி அடைமழை இருட்டில் டியூப்லைட் இல்லாமல் வெங்காயம் நறுக்கினாள். தையல் மெஷினில் மோட்டார் இருக்கிறது என்று அதையும் நிறுத்தச் சொன்னேன். தீபாவளிக்குத் தைக்க வேண்டிய துணி அப்படியே மடியில் கிடக்க, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்துவிட்டேன். மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை வழிந்து கிடந்தது.

அன்றைக்குத்தான் அவள் துணியால் கையைத் துடைத்தபடி முன்னறை வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாவிட்டால்தான் எனக்குப் பயம்.

"கார்த்திகை தீபம் வரைக்கும் பாக்குறேங்க. அதுக்குள்ள அது வாயை மூடலைன்னா பரண்ல ஏத்திடுங்க. தை முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் வந்திருக்கு. இந்த ரூம் எனக்கு வேணும்."

"அதுக்குள்ள சரியாயிட்டா?"

"சரியாயிட்டா நீங்களே வச்சிக்குங்க. நான் அப்புறம் கேக்க மாட்டேன்."

பேச்சுக்குப் பேச்சு. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, ஒரு ம்ம்ம்மை என்னால் பிடிக்க முடியாதா?

அடுத்த சந்தேகம் எர்த் மேல். வீட்டுக்குப் பின்னால் கொல்லையில் எர்த் கம்பி இறங்கும் குழி. மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது, உப்பும் தண்ணீரும் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும் என்று நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதன்படி ஒரு கையில் குடை, மறு கையில் வாளியோடு போய்க் குழியில் தண்ணீர் ஊற்றினேன். தினமும் இரண்டு வாளி. வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறது. கொல்லையே கணுக்கால் தண்ணீரில் மிதக்கிறது. அதில் நின்றுகொண்டு, ஈரம் போதவில்லை என்று நான் தண்ணீர் ஊற்றுகிறேன்! பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு என் மனைவிக்குப் போன் போட்டு, "சார் நல்லாத்தானே இருக்காரு?" என்று விசாரித்தாராம்.

அதற்கும் அடங்கவில்லை. மூன்றாவது சந்தேகம் வயல்காரர் மேல். எங்கள் கொல்லைக்குப் பின்னால் வயல். அதை அவர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தார். காலையில் நான் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்காரும் அதே நேரத்துக்கு அவர் வயலில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். ஆஹா, பிடித்துவிட்டேன் என்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கிப் போனேன்.

"யோவ், உன் மோட்டார் கரண்டெல்லாம் லயன்ல ஏறி என் வீட்டுக்கு வருது. ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்து!"

அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நாற்று முழுகிக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"சார், வயலே கொளமா கெடக்கு. தண்ணிய வடிச்சிக்கிட்டிருக்கேன். இப்ப நிறுத்தச் சொல்றீங்களே."

"அஞ்சே நிமிஷம்தான்யா. கரண்டு வழியா வர்ற சத்தமான்னு பாக்கணும்."

"சார், இது டீசல் இன்ஜினுங்க."

பார்த்தேன். டீசல் இன்ஜின்தான். புகை என் மூஞ்சியில்தான் வந்துகொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல்! மூஞ்சியில் ஈயாடவில்லை. "அதில்ல, ஒரு சந்தேகம்" என்று அசடு வழிந்துவிட்டு வந்த வரப்பிலேயே வழுக்கி வழுக்கித் திரும்பினேன்.

கடைசியில் வேறு வழியில்லாமல் பாய்க்குப் போன் போட்டேன். "பெட்டிய எடுத்துட்டு வாங்க சார், பாத்துடுவோம்" என்றார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, கும்பகோணம் போய்ப் பஸ் மாறிக் குடவாசல் போனேன். அந்தக் கனத்தை மடியில் வைக்க முடியுமா? டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கடையில் பாய் சுவிட்சைப் போட்டார். காதை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனார். நானும் கொண்டுபோனேன்.

சத்தமே இல்லை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"எங்க சார் சத்தம்?"

"இருந்துச்சு பாய். காலைலகூட இருந்துச்சு."

"சரி, சந்தோஷமா கொண்டு போங்க."

பஸ் ஏறி வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஜம்பமாகச் சுவிட்சைப் போட்டேன். அன்று மாலை ஒரு சத்தமும் இல்லை. அவள் எழுந்து போய்த் தோசை வார்த்தாள். நான் மூன்று ரெக்கார்டு கேட்டேன். மறுநாள் காலை சுவிட்சைப் போட்டால், ம்ம்ம்.

மறுபடி குடவாசல். மறுபடி அங்கே வாயை மூடிக்கொண்டது. டாக்டரைப் பார்த்ததும் நோயாளிக்குக் காய்ச்சல் விட்டுவிடுகிற கதைதான். இந்தத் தடவை பாய் விடவில்லை. பழைய கண்டென்சர்களை எல்லாம் மாற்றிக் கொடுத்தார். "ஒருவேளை நீங்களே தொறந்து பாத்தா ஒரு கைய பின்னால கட்டிக்குங்க. ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்டு நெஞ்சு வழியாப் போவும். பிளக்க புடுங்கிட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தொடணும். அவசரப்படாதீங்க" என்று புத்தி சொல்லி அனுப்பினார். ஒரு இரவு சும்மா இருந்தது. காலையில் புதுக் கண்டென்சர்களோடு ம்ம்ம் என்றது.

கார்த்திகைக்கு இன்னும் இரண்டே நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெட்டி என்னை வைத்து விளையாடுகிறது. பேப்பரை விட்டெறிந்தேன். காபி ஆறிப்போயிருக்கிறது என்று கத்தினேன். ஆறிப்போக விட்டதும் நான்தான்.

என் மனைவி வாசலில் அகல் விளக்குகளைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பஸ்ல அத எங்க வைக்கிறீங்க?"

"எங்க வைக்கிறது? இன்ஜின் மேலதான்."

"சூடா இருக்குமா?"

"கை வைக்க முடியாது. உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"அங்க போனா சரியாவுது. இங்க ஒரு ராத்திரி கெடந்தா கத்துது. சூடு பண்ணா கொறையுதுன்னு நீங்களே சொல்றீங்க." ஒரு அகலை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "நமுத்துப் போயிருக்குங்க, அவ்வளவுதான்."

"நமுத்துப் போறதுக்கு அது என்ன அப்பளமா? ஆம்ப்ளிஃபயர்டி!"

"நான் என்ன கண்டேன். உப்பு ஜாடி தண்ணி விட்டுடுச்சு, தீப்பெட்டி பத்த மாட்டேங்குது, செவரெல்லாம் ஓதம். அது மட்டும் எப்படி நமுக்காம இருக்கும்? நாளைக்கு வெயிலடிச்சா மாடில வைங்க."

மறுநாள் வெயில் அடித்தது. பத்து நாளைக்குப் பிறகு வந்த வெயில். தெரு முழுக்க மெத்தை, தலையணை, நனைந்த துணி என்று மாடி மாடியாகக் காய்ந்தது. எங்கள் மாடியில் அடிமூடியைக் கழற்றிய ஆம்ப்ளிஃபயர் மல்லாக்கக் காய்ந்தது. வயல்காரர் கீழே ரோட்டோடு போனவர் அண்ணாந்து பார்த்தார்.

"சார், பெட்டிய காயப் போட்டிருக்கீங்களா?"

"ஆமா."

"நெல்லு மாதிரி அப்பப்ப கெளறி விடுங்க சார்."

டீசல் இன்ஜினுக்குப் பழி வாங்கிவிட்டார்.

சாயங்காலம் கீழே இறக்கிச் சுவிட்சைப் போட்டேன். சத்தம் இல்லை. அப்படியானால் அவள் சொன்னதுதான் சரி. ஆனால் பெட்டிக்குள் நமுத்துப் போக என்ன இருக்கிறது? இரும்பு நமுக்குமா, கண்ணாடி நமுக்குமா? பிளக்கைப் பிடுங்கி, பாய் சொன்னபடி வெகு நேரம் காத்திருந்து, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

முதல் வால்வைக் கழற்றியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வால்வு செருகும் ஓட்டைகளைச் சுற்றி மஞ்சளாக ஒரு பத்து. வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. மூக்குக்கு அருகில் கொண்டுபோனேன். சந்தனம். சந்தனமும் விபூதியும், பன்னீரில் குழைத்தது. அடுத்த வால்வைக் கழற்றினேன். அங்கேயும் இருந்தது. ஐந்து வால்வு, ஐந்து பொட்டு. முதல் பொட்டில் என் மோதிர விரலின் ரேகைகூடத் தெளிவாகப் பதிந்திருந்தது.

ஆயுத பூஜை அன்று நான் செய்த காரியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெளியே பொட்டு வைத்தால் அது பார்க்கிறவர்களுக்கு. உண்மையில் உழைப்பது உள்ளே இருக்கும் வால்வுகள், அவற்றுக்கல்லவா மரியாதை செய்ய வேண்டும் என்று பெரிய ஞானி மாதிரி யோசித்திருக்கிறேன். வால்வுகளைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் தாராளமாக அப்பியிருக்கிறேன். மழைக்கு அந்தச் சந்தனம் ஈரத்தை உறிஞ்சும். ஈரச் சந்தனத்தில் மின்சாரம் ஊரும். வால்வைச் சூடாக்கும் கம்பியிலிருந்து பாட்டு நுழையும் கம்பிக்கு அதுவே பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறது. இதைவிடச் சுலபமான பாடம் இயற்பியலில் கிடையாது. இரண்டு மாதமாக ம்ம்ம் என்றது என்னுடைய பக்திதான்.

பழைய பல் துலக்கும் பிரஷால், ஸ்பிரிட் தொட்டு, பொட்டு பொட்டாகத் தேய்த்து எடுத்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று கதவை வேறு பார்த்துக்கொண்டேன். வால்வுகளைச் செருகி மூடியை மாட்டினேன். மறுநாள் கார்த்திகை. காலையில் தூறல் போட்டு வீடெல்லாம் மறுபடி ஓதம் அடித்தது. சுவிட்சைப் போட்டேன். அமைதி. நான் ஜெயித்துவிட்டேன். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

என் மனைவி கையில் அளவு நாடாவோடு முன்னறைக்குள் வந்தாள். மேஜை போட எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வந்திருக்கிறாள் பாவம். பெட்டி ஓடுவதைப் பார்த்து நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். பிறகு நாடாவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நின்னுடுச்சு. சரிங்க, ரூம் உங்களுக்குத்தான். பேசுனா பேச்சுதான்" என்று சொல்லிவிட்டு நடைக்குத் திரும்பிப் போனாள். நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் கூடத்துக்குப் போக வழி விட்டு மெஷினைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு மாதம் அவளை இருட்டில் வெங்காயம் நறுக்க வைத்தேன். தீபாவளித் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வைத்தேன். கோளாறைக் கண்டுபிடித்ததும் அவள், அறையை இழந்ததும் அவள்.

நடைக்குப் போய் நின்றேன். "அது நான்தான்" என்றேன்.

"எது?"

சொன்னேன். விரல் ரேகைவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியாமல், அந்த நடையிலேயே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்துக்கொண்டே பேராவூரணியில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள். "உங்க மாமா வால்வுக்கு பட்டை அடிச்சாருடி!" என்று அவள் சொன்னது தெருவுக்கே கேட்டது. நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றேன்.

அடங்கிய பிறகு கேட்டேன். "நீ ஏன் வெயில்ல வைக்கச் சொன்ன? சத்தம் நிக்கலைன்னா ரூம் உனக்குத்தானே வந்திருக்கும்?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடிக்கிற மழையில குடையப் புடிச்சிக்கிட்டு குழியில தண்ணி ஊத்துனீங்களே. அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலைங்க."

அன்று மாலை விளக்கு ஏற்றுவதற்குள் தையல் மெஷினை நானே முன்னறைக்குத் தூக்கி வந்தேன். மேஜையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரை மூலையில் ஒரு முக்காலியில் வைத்தேன். அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக் போர்டு, இரண்டையும் அதிலேயே செருகினேன். அவள் உட்கார்ந்து, ஜாக்கெட் துணியை ஊசிக்கு அடியில் வைத்து, காலால் பெடலை அழுத்தினாள்.

"கிர்ர்ர்ர்ர்" என்றது என் ஸ்பீக்கர்.

காலை எடுத்தாள். நின்றுவிட்டது. அழுத்தினாள். கிர்ர்ர். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உங்க பெட்டியில ஏதோ சத்தம் வருதே. என் மெஷினாலயா?"

"எனக்கு ஒன்னும் கேக்கலையே" என்றேன். "நீ தையி."

தை முகூர்த்தத்துக்கு முந்திய வாரம் பாய் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் போட எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவர் வீட்டுக்கும் வந்தார். அறையில் அளவு கொடுக்க மூன்று பெண்கள் நின்றார்கள். மெஷின் ஓடியது. பாட்டு ஓடியது. பாட்டுக்கு மேலே கிர்ர்ரும் ஓடியது. பாய் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சார், அந்த மெஷின் மோட்டார்ல ஒரு சின்ன கண்டென்சர் போட்டா போதும், இது நின்னுடும். அஞ்சு நிமிஷ வேலை. மெஷின மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

மெஷினை நிறுத்தச் சொல்வதா! அந்த வார்த்தையை அந்த வீட்டில் இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அது கெடக்கு பாய்" என்றேன். "டீ சாப்பிடுங்க."